படகுப் பற்றரி, சார்ஜிங், வயரிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாழைச்சேனையில் இருந்து பொத்துவில் வரை எங்கே படகு வயரிங் வேலைக்குப் போனாலும் பற்றரி பற்றி ஒரே கேள்விகள்தான் வருகின்றன. கல்லடியில் கேட்டதையே சாய்ந்தமருதிலும் கேட்கிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். வெளியில் மாட்டும் இஞ்சின் பூட்டிய சிறிய பைபர் படகுக்கும், உள்ளே டீசல் இஞ்சின் உள்ள ஆழ்கடல் போட்டுக்கும் பொதுவானவை முதலில் வரும். சிக்கலானவை பின்னால்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் தூக்கி எறியப்படும் பற்றரிகள் பலவும் முழுதாகச் சார்ஜ் ஏறாமலும், உப்புப் பிடித்த இணைப்புகளாலும் செத்தவைதான். இந்த இரண்டையும் ஒரு சாதாரண மல்டிமீற்றர் காட்டிக் கொடுத்துவிடும். புதுப் பற்றரிக்குக் காசு கொடுக்கும் முன் மீற்றரை வாங்குங்கள்.

பற்றரி நல்லா இருக்கா இல்லையா எண்டு எப்படிப் பார்க்கிற?

சார்ஜ் போட்டவுடன் அளக்காதீர்கள், அந்த எண் பொய் சொல்லும். சார்ஜரையும் இஞ்சினையும் நிறுத்தி, லைற் எல்லாம் அணைத்து, குறைந்தது நாலைந்து மணித்தியாலம் விட்டுவிட்டு அளக்க வேண்டும். காலையில் எழுந்தவுடன் அளப்பது நல்லது. தண்ணீர் ஊற்றும் சாதாரண 12 வோல்ட் பற்றரியில் 12.6 அல்லது 12.7 காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12.0க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. நிறையப் பேர் 12 காட்டுவதைப் பார்த்து "12 வோல்ட் பற்றரி, 12 இருக்கு, சரிதானே" என்று போய்விடுகிறார்கள். அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது.

வோல்ட் சரியாக இருந்தும் பற்றரிக்குள் வலு இல்லாமல் இருக்கலாம். அதற்குச் செல்ப் அடிக்கும்போது அளக்க வேண்டும். முழுச் சார்ஜில் உள்ள பற்றரி, இஞ்சினைச் சுற்றும் அந்த நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் உள்ளே தகடுகள் போய்விட்டன என்று சந்தேகப்படலாம். மூடி திறக்கும் பற்றரி என்றால் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாய் இன்னும் நல்ல சாட்சி. ஆறு அறையிலும் ஒரேபோல எண் வர வேண்டும். ஓர் அறை மட்டும் நன்றாகக் குறைந்து நின்றால் அந்தப் பற்றரியின் காலம் முடிந்தது.

இஞ்சின் ஓடினா பற்றரி தானா சார்ஜ் ஆகும்தானே, பிறகு எதுக்கு சார்ஜர்?

ஆகும், ஆனால் முழுதாக ஆகாது. இஞ்சினைச் சுற்ற 150 அம்பியர் மூன்று செக்கன் எடுத்தாலும், அது 0.125 அம்பியர் மணிதான் (ஓர் அம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஓர் அம்பியர் மணி). அதை டைனமோ சில நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். பற்றரியை உண்மையில் குடிப்பது இரவு முழுக்க எரியும் லைற்றும் ஜிபிஎஸ்ஸும் ரேடியோவும். அதை ஈடுகட்ட, கரைக்கு வரும் ஒரு மணித்தியால ஓட்டம் போதாது.

காரணம் இதுதான். பற்றரி சார்ஜ் ஏறுவது சாக்கில் நெல் கொட்டுவது போல. முக்கால்வாசி சட்டென்று நிறைந்துவிடும், கடைசிக் கால்வாசியைக் குலுக்கிக் குலுக்கித்தான் இறக்க வேண்டும். 80 சதவீதத்துக்குப் பிறகு பற்றரி தானாகவே குறைந்த கரண்டைத்தான் வாங்கும். அந்தக் கடைசிப் பங்குக்கு நாலைந்து மணித்தியாலம் பிடிக்கும். அது ஏறாமலே நாள் போனால் தகடுகளில் வெள்ளையாக ஈய சல்பேட் இறுகி, பிறகு எந்தச் சார்ஜருக்கும் கரையாது. வாரத்தில் ஒரு தடவையாவது கரையில் வைத்து முழுச் சார்ஜ் போட்டால் பற்றரியின் ஆயுள் எவ்வளவோ கூடும்.

சிறிய இஞ்சின் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் பல இஞ்சின்களில் சார்ஜ் பண்ணும் ஏற்பாடே கிடையாது. சிலவற்றில் லைற் கொயில் மட்டும் இருக்கும். அதிலிருந்து வருவது ஏசி கரண்ட். அதை டிசி ஆக்கி வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெக்டிபயர் ரெகுலேற்றர் போடாமல் நேரே பற்றரியில் கொடுத்தால் சார்ஜ் ஏறாது, பற்றரியும் கொயிலும்தான் பழுதாகும்.

டைனமோ சார்ஜ் பண்ணுதா எண்டு எப்படித் தெரியும்?

இஞ்சின் கொஞ்சம் வேகமாக ஓடும்போது பற்றரி முனையில் அளந்தால் 13.8க்கும் 14.4க்கும் இடையில் வர வேண்டும். 12.5லேயே நின்றால் சார்ஜ் இல்லை. 15க்கு மேல் போனால் ரெகுலேற்றர் பழுது. அப்படியே ஓடினால் பற்றரி கொதிக்கும், ஜிபிஎஸ்ஸும் எரியும்.

பரிசோதிக்கிறேன் என்று சொல்லி இஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அந்தக் கணத்தில் டைனமோவின் வோல்ட் எகிறி டையோட்கள் போய்விடும்.

கார் பற்றரி போடலாமா? விலை குறைவுதானே.

செல்ப் அடிக்க மட்டும் என்றால் போடலாம். கார் பற்றரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். ஒரேயடியாகப் பெரிய கரண்ட் கொடுக்கும், ஆனால் ஆழமாக இறங்கி ஏறுவதைத் தாங்காது. இரவு முழுக்க லைற் எரிக்க அதைப் பாவித்தால் ஒரு பருவத்துக்குள்ளேயே சோர்ந்துவிடும். லைற்றுக்கும் கருவிகளுக்கும் தடித்த தகடுள்ள டீப் சைக்கிள் பற்றரிதான் சரி. அதையும் பாதிக்குக் கீழே இறக்காமல் பாவிப்பது நல்லது.

எத்தனை அம்பியர் பற்றரி வாங்கணும்?

கடைக்காரர் சொல்வதை வைத்து வாங்காமல், உங்கள் படகில் என்ன எரிகிறது என்று ஒரு துண்டில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். உதாரணத்துக்கு, 11 மணித்தியாலக் கடல். எல்ஈடி வழிகாட்டி லைற்றுகள் 1 அம்பியர் வீதம் 11. ஜிபிஎஸ்ஸும் மீன் பார்க்கும் கருவியும் சேர்ந்து 1 அம்பியர் வீதம் இன்னொரு 11. ரேடியோ கேட்டுக்கொண்டிருக்க ஏறக்குறைய 4.5. தட்டு லைற் 20 வாட், 4 மணித்தியாலம் எரிந்தால் 7. தண்ணீர் இறைக்கும் பம்ப் மொத்தம் அரை மணித்தியாலம் ஓடினால் 2. கூட்டினால் 35 அல்லது 36 அம்பியர் மணி.

பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால் இதை இரண்டால் பெருக்குங்கள், 72 வரும். பற்றரி பழசாகும்போது குறையும், பம்ப் கூட ஓடலாம். ஆகவே 100 அம்பியர் மணி. பழைய குமிழ் லைற் இன்னும் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்குச் சரிவராது. 25 வாட் குமிழ் ஒன்றே 2 அம்பியர் தின்னும்.

சார்ஜர் எத்தினை மணித்தியாலம் போடணும்? கடையில ரெண்டு மணித்தியாலத்தில ஏத்தித் தாறாங்களே.

பற்றரியின் அம்பியர் மணியில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் என்பது பாதுகாப்பான அளவு. 100க்கு 10 அம்பியர். மேலே சொன்ன 36 இறங்கியிருந்தால், சார்ஜில் வீணாவதையும் சேர்த்து 42 அளவில் திருப்பிப் போட வேண்டும். 10 அம்பியர் சார்ஜர் என்றால் ஏழெட்டு மணித்தியாலம். இரவில் போட்டுக் காலையில் எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணித்தியாலத்தில் ஏற்றித் தருவது 80 சதவீதத்தை. அதையும் பெரிய கரண்டில் கொடுத்தால் தண்ணீர் கொதித்துத் தகடு உதிரும். அவசரத்துக்கு ஒரு நாள் சரி, வழக்கமாக வேண்டாம். சார்ஜ் ஆகும்போது பற்றரியின் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட வேண்டும்.

சார்ஜர் வாங்கும்போது, முதலில் 14.4 அளவில் ஏற்றி, நிறைந்த பிறகு 13.5 அளவுக்குத் தானாக இறங்கும் வகையைத் தேடுங்கள். ஜெல் பற்றரிக்கு 14.1, 14.2க்கு மேல் ஆகாது. அந்த அளவுகள் 25 பாகை வெப்பத்துக்குச் சொல்லப்பட்டவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பகல் வெப்பத்துக்கு 0.2 வோல்ட் அளவு குறைத்துக் கொடுப்பது பற்றரிக்கு நல்லது. வெப்பம் பார்த்துத் தானே குறைக்கும் சார்ஜர்களும் கிடைக்கின்றன.

கிணத்துத் தண்ணி ஊத்தினா என்ன நடக்கும்?

எங்கள் கரையோரக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. அது தகட்டைக் கெடுக்கும். காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். தகடு மூடி அதற்கு மேல் ஒரு சென்ரிமீற்றர் அளவு நின்றால் போதும். தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மூடும் அளவுக்கு மட்டும் ஊற்றிச் சார்ஜ் போட்டு, பிறகு மட்டத்தைச் சரிசெய்யுங்கள். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் வெளியே வழியும்.

பழைய அசிட்ட ஊத்திப் போட்டுப் புது அசிட் போட்டா பற்றரி எழும்புமா?

எழும்பாது. அமிலம் தகட்டுக்குள் போய் இறுகியதால்தான் நீர் மெலிந்து தெரிகிறது. புது அமிலம் ஊற்றினால் அடர்த்தி எண் மட்டும் அழகாகக் காட்டும், தகடு இன்னும் வேகமாக அரியும். நீர் வற்றுவது தண்ணீர் மட்டும் ஆவியாவதால், எனவே தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அமிலம் சிந்திப்போன பற்றரிக்கு மட்டும் இது பொருந்தாது.

சீமெந்துத் தரையில வச்சா சார்ஜ் இறங்குமாமே?

இல்லை. மரப்பெட்டியிலும் ரப்பர்ப் பெட்டியிலும் பற்றரி வந்த காலத்துக் கதை அது. இப்போதைய பிளாஸ்ரிக் பெட்டிக்குத் தரை எதுவானாலும் ஒன்றுதான். வைத்த இடத்திலேயே பல மாதம் மறந்துவிடுவதால்தான் இறங்குகிறது.

வாடைக்காத்து காலத்தில போட்டக் கரையில ஏத்தினா பற்றரிய என்ன செய்யிற?

கழற்றி வீட்டுக்குக் கொண்டு போங்கள். கார்த்திகை, மார்கழியில் கரையில் கிடக்கும் படகுக்குள் மழைத் தண்ணீர் நிறைந்து பற்றரியையே மூழ்கடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கொண்டு போகும் முன் முழுச் சார்ஜ். வீட்டில் நிழலான, காற்றோட்டமான இடம். படுக்கும் அறை வேண்டாம், சமையல் அடுப்புப் பக்கமும் வேண்டாம். சும்மா இருந்தாலும் பற்றரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், எங்கள் வெப்பத்தில் இன்னும் வேகமாக. மாதம் ஒரு தடவை அளந்து, 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். இதை மட்டும் ஒழுங்காகச் செய்பவர்கள் தையில் கடலுக்குப் போகும்போது புதுப் பற்றரி தேடி அலைவதில்லை.

சார்ஜ் ஆகக்குள்ள பற்றரி வெடிக்குமா?

வெடிக்கலாம். சார்ஜ் முடியும் தறுவாயில் ஐதரசன் வாயு வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். அதனால் முதலில் பற்றரியில் கிளிப்பை மாட்டி, பிறகு சார்ஜர் சுவிச்சைப் போடுங்கள். கழற்றும்போது சுவிச்சை அணைத்த பிறகு கிளிப். பெற்றோல் கானும் பற்றரியும் ஒரே அடைப்புக்குள் இருக்கவே கூடாது. பீடி, சிகரெட் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

பற்றரிக்குள் கடல் தண்ணீர் போனாலும் ஆபத்துத்தான். உப்பும் அமிலமும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். இஞ்சின் அறையில் மூக்கைத் துளைக்கும் வாசம் வந்தால் உள்ளே குனிந்து பார்க்காமல் மேலே ஏறி, காற்று வர விடுங்கள்.

புதுப் பற்றரி போட்டும் செல்ப் அடிக்குதில்ல. பற்றரி ஏமாத்திட்டாங்களா?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். பத்துக்கு ஏழெட்டு இடத்தில் பற்றரியில் குறையில்லை, இணைப்பில்தான் குறை. மீற்றரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு ஊசியைப் பற்றரியின் ஈய முனையில் நேரே வையுங்கள், கிளிப்பில் அல்ல. கறுப்பு ஊசியை அதே முனையைப் பிடித்திருக்கும் கிளிப்பில் வையுங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு விரற்கடைகூட இல்லை. இப்போது ஒருவர் செல்ப் அடிக்கட்டும். மீற்றர் பூச்சியத்தை ஒட்டியே நிற்க வேண்டும். 0.3, 0.5 என்று ஏறினால் அந்த ஒட்டுக்குள்ளேயே வோல்ட் தொலைகிறது.

அதே முறையில் பற்றரியின் பிளஸ் முனையில் இருந்து ஸ்டார்ட்டரின் பெரிய ஆணி வரைக்கும், மைனஸ் முனையில் இருந்து இஞ்சின் உடல் வரைக்கும் அளந்து பாருங்கள். பிளஸ் பக்கம் மொத்தமாக அரை வோல்ட், மைனஸ் பக்கம் 0.3க்கு மேல் போனால் அந்த வழியில் ஏதோ ஓர் இணைப்பு அழுகியிருக்கிறது. ஓர் ஓமில் நூறில் ஒரு பங்குத் தடை இருந்தால்கூட 150 அம்பியரில் 1.5 வோல்ட் காணாமல் போகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பச்சைப் படலம் போதும் அதற்கு. மைனஸ் பக்கத்தை யாரும் பார்ப்பதே இல்லை, எனக்கு அங்கேதான் அடிக்கடி அகப்படும்.

திருத்துவது எளிது. மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது மைனஸ் கடைசி. அறை மூடிகள் இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு, அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து நுரை அடங்கும் வரை ஊற்றிக் கழுவி, நல்ல தண்ணீரால் அலசிக் காய விடுங்கள். முனையையும் கிளிப்பின் உட்பக்கத்தையும் அரத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கி, பிறகுதான் மேலே வசிலின் அல்லது கிறீஸ். பூசிவிட்டு இறுக்குவது தலைகீழ் வேலை.

வீட்டு வயர் மிச்சம் கிடக்கு, அதப் போடலாமா?

வேண்டாம். வீட்டு வயரில் இழைகள் குறைவு, படகின் அதிர்ச்சியில் முறியும். இழை கூடிய, வெள்ளீயம் பூசிய செப்பு வயரே கடலுக்கு. பூச்சு இல்லாத செப்பில் உப்பு நீர் உறைக்குள்ளேயே ஏறிப்போகும். நுனியை உரித்தால் கறுத்திருக்கும். செம்பு நிறம் வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், சில படகில் ஒரு முழம் போய்விடும்.

தடிப்பும் முக்கியம். 5 அம்பியர் எடுக்கும் பம்ப், பற்றரியில் இருந்து 6 மீற்றர் தூரம். 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் போகவும் வரவும் சேர்த்து 0.7 வோல்ட் விழும். 4 சதுர மில்லிமீற்றரில் 0.26தான். வழிகாட்டி லைற், ரேடியோ, பம்ப் மூன்றுக்கும் விழுவது 3 சதவீதத்துக்குள், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் இருக்கட்டும். முறுக்கி ரேப் சுற்றிய ஒட்டு ஒன்றுகூட வேண்டாம். வயர் நுனிக்கு லக் என்ற உலோக முனை போட்டு அழுத்தி, சூட்டில் சுருங்கும் பசைக் குழாய் போடுங்கள்.

பியூஸ் அடிக்கடி போகுது, பெரிய பியூஸ் போட்டா சரிதானே?

பியூஸ் காப்பது வயரை. 10 அம்பியர் தாங்கும் வயரில் 30 அம்பியர் பியூஸ் போட்டால் அடுத்த தடவை பியூஸுக்குப் பதில் வயர் எரியும், பைபர் படகு தீப்பிடித்தால் கடலில் குதிப்பதைத் தவிர வழியில்லை. அடிக்கடி போகிறது என்றால் பம்ப் இறுகியிருக்கிறதா, வயர் எங்கேனும் உரசியிருக்கிறதா என்று தேடுங்கள். பற்றரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே பிளஸ் வயருக்குப் பியூஸ் இருக்க வேண்டும். தள்ளிப் போய் மாட்டினால் இடையில் உள்ள வயருக்குக் காவலே இல்லை.

ஒண்டும் போட்டு வைக்கல்ல, காலையில பார்த்தா பற்றரி இறங்கிக் கிடக்கு. பேயா?

கசிவு. மைனஸ் வயரைக் கழற்றி, மீற்றரின் 10 அம்பியர் துளையில் சிவப்பு ஊசியை மாட்டி, முனைக்கும் வயருக்கும் இடையில் வையுங்கள். இப்படி வைத்திருக்கும்போது செல்ப் அடிக்கவோ லைற் போடவோ கூடாது, மீற்றர் போய்விடும். ரேடியோ, ஜிபிஎஸ் நினைவுக்குச் சில பத்து மில்லி அம்பியர் போவது வழமை. அரை அம்பியர் காட்டினால் ஒரு நாளில் 12 அம்பியர் மணி தொலையும். பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அந்த வயர்தான்.

பற்றரியின் தலையிலேயே கசிவு இருக்கலாம். கறுப்பு ஊசியை மைனஸ் முனையில் வைத்து, சிவப்பு ஊசியால் பிளாஸ்ரிக் மூடியின் மேல் தடவுங்கள். வோல்ட் காட்டினால் அந்த அழுக்கும் உப்பும் ஒரு வயர் போல வேலை செய்கிறது. மேலே சொன்ன அப்பச்சோடாக் கழுவல்தான் மருந்து.

மெயின் சுவிச்ச அணைச்சா பம்பும் நிண்டு போகுமே?

நிற்கக்கூடாது. மிதவையுடன் தானே இயங்கும் பம்பை மட்டும் மெயின் சுவிச்சுக்கு முன்னாலேயே, தனிப் பியூஸ் போட்டுப் பற்றரியில் கொடுங்கள். மாரி மழையில் முகத்துவாரத்திலோ ஒலுவிலிலோ கட்டிக் கிடக்கும் படகைக் காப்பது அதுதான். ஆழ்கடல் போட்டில் கண்காணிப்புக் கருவி இருந்தால் அதற்கும் இதே ஏற்பாடு, அது எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும். மற்ற எல்லாமே சுவிச்சுக்குப் பின்னால்.

ரெண்டு பற்றரி வச்சா இஞ்சினுக்கு ஒண்டு, லைற்றுக்கு ஒண்டு எண்டு பிரிக்கிற எப்படி?

மிக எளியது கையால் திருப்பும் 1, 2, இரண்டும் என்ற சுவிச். பிழை விடும் வாய்ப்பும் அதில்தான் அதிகம். "இரண்டும்" நிலையில் மறந்துவிட்டால் காலையில் இரண்டுமே காலி. வோல்ட் பார்த்து இயங்கும் ரிலே போட்டால் நல்லது. இஞ்சின் ஓடி வோல்ட் 13.3 அளவுக்கு ஏறினால் இரண்டையும் சேர்க்கும், 12.8 அளவுக்கு இறங்கினால் பிரிக்கும். டையோட் பிரிப்பான் போட்டால் 0.6 வோல்ட் அதிலேயே போய், இரண்டு பற்றரியும் முழுதாக ஏறாது.

ஒன்றோடொன்று நிரந்தரமாகச் சேர்த்துப் போடுவதானால் ஒரே வயது, ஒரே வகை, ஒரே அளவு இருக்க வேண்டும். பழசு புதுசைத் தன் அளவுக்கு இழுத்துவிடும்.

காக்கா, 24 வோல்ட் போட்டில ஒரு பற்றரியில இருந்து ரேடியோவுக்கு 12 எடுத்தா என்ன?

உடனே ஒன்றும் நடக்காது, அதனால்தான் எல்லோரும் செய்கிறார்கள். தொடராக மாட்டிய இரண்டில் ஒன்று மட்டும் இறங்கும். டைனமோ இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும். மொத்தம் 28.4 சரியாக இருக்கிறது என்று அது நினைக்க, உள்ளே ஒன்றில் 13.4, மற்றதில் 15 என்று நிற்கும். ஒன்று பட்டினியில் சாகும், மற்றது கொதித்துச் சாகும். சில மாதத்தில் இரண்டையும் மாற்ற வேண்டிவரும். 24ஐ 12 ஆக்கும் கொன்வேட்டர் ஒன்றின் விலை ஒரு பற்றரியைவிடக் குறைவு. சந்தேகம் இருந்தால் இரண்டு பற்றரியையும் தனித்தனியே அளந்து பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

சோலர் போட்டா சார்ஜர் தேவையில்லைத்தானே?

100 வாட் பலகை ஒன்று நல்ல வெயில் நாளில் 25 முதல் 30 அம்பியர் மணி தரும். மேலே போட்ட 36 கணக்கை அது முழுதாக மூடாது, ஆனால் பெரும்பங்கைத் தாங்கும். அதைவிடப் பெரிய நன்மை, பகல் முழுக்க மெல்ல மெல்ல ஏற்றுவதால் அந்தக் கடைசிக் கால்வாசி நிறைகிறது. அதற்காகவே சோலரை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். மாரி காலத்தில் பாதிக்கும் கீழே போகும், அப்போது சார்ஜர் வேண்டும்.

சார்ஜைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர் இல்லாமல் நேரே மாட்டாதீர்கள். முதலில் பற்றரியை மாட்டி, பிறகு பலகை. கம்பத்தின் நிழல் ஒரு கோடாக விழுந்தாலே வெளியீடு கடுமையாகக் குறையும், வலைக் குவியலுக்குப் பக்கத்தில் வைப்பதும் அப்படித்தான்.

இன்வேட்டர் போட்டு ரைஸ் குக்கரில சோறு ஆக்கலாமா?

700 வாட் குக்கர் 12 வோல்ட்டில் 65 அம்பியர் இழுக்கும். அரை மணித்தியாலத்தில் ஓர் இரவின் லைற்றும் ரேடியோவும் எடுப்பதை அது எடுத்துவிடும். காஸ் அடுப்பு இருக்கட்டும்.

எல்ஈடி லைற் மாத்தினதில இருந்து ரேடியோ இரையுது.

மலிவான எல்ஈடிக்குள் இருக்கும் சிறிய மின்சுற்று படகு ரேடியோ பேசும் விஎச்எஃப் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும். ரேடியோவை அவசர அழைப்புக்கான 16ஆம் சனலில் வைத்து, லைற்றுகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைத்தால் இரைச்சல் நிற்கிறதோ அதை மாற்றுங்கள். கம்ப உச்சியில் அன்ரெனாவுக்குப் பக்கத்தில் உள்ளதுதான் பெரும்பாலும். இரைச்சல் கூடினால் தூரத்தில் இருந்து யாரோ உதவி கேட்பது உங்களுக்குக் கேட்காமல் போகும். இதைச் சின்ன விசயமாக எடுக்காதீர்கள்.

லித்தியம் பற்றரிக்கு மாறினா எப்படி?

நல்லதுதான். எடை பாதிக்கும் குறைவு, உள்ளதில் 80 சதவீதத்தை எடுத்துவிடலாம், அரைச் சார்ஜில் கிடந்தாலும் கெடாது. வாங்குவதானால் லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகை. ஆனால் பழையதைக் கழற்றி அந்த இடத்தில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது கேட்கும் அளவுக்குக் கரண்ட் கொடுத்துக் கொடுத்துச் சிறிய டைனமோ சூடாகி எரியும். உள்ளே உள்ள காவல் சுற்று திடீரென்று துண்டித்தால், இஞ்சின் ஓடும்போது வயர் கழற்றுவது பற்றிச் சொன்ன அதே கதிதான். டைனமோவுக்கும் லித்தியத்துக்கும் இடையில் டிசியில் இருந்து டிசிக்குச் சார்ஜ் பண்ணும் பெட்டி வேண்டும். செல்ப்புக்கு ஈயப் பற்றரியையே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பதிலில் சொன்ன வோல்ட் எண்கள் இதற்குப் பொருந்தாது. காலியாகும் வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். கரண்டை எண்ணும் மீற்றர் ஒன்று சேர்த்துப் போட வேண்டும்.

கரையில இருந்து வயர் இழுத்துப் போட்டுக்குள்ளேயே சார்ஜ் போடலாமா?

230 வோல்ட், ஈரத் தட்டு, வெறுங்கால். 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிச் இல்லாமல் செய்யவே கூடாது. ஒட்டுப் போட்ட வயர், தண்ணீரில் தொங்கும் பிளக் பலகை இரண்டும் ஆளைக் கொல்லும். மழைக்குப் பிறகு வாவித் தண்ணீர் உப்புக் குறைந்திருக்கும்போது ஆபத்துக் கூட. அப்போது தண்ணீரைவிட மனித உடம்புதான் கரண்டுக்கு நல்ல வழி. குளிக்கும் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள். சிறிய படகென்றால் பற்றரியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதே நல்லது.

வாவியில ஓடுற போட்டு, இஞ்சின் கால் அரிக்குது. கரண்ட் கசிவா?

இருக்கலாம், ஆனால் முதலில் இஞ்சின் காலில் உள்ள பலி உலோகக் கட்டியைப் பாருங்கள், காலுக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காப்பது அதுதான். கடலுக்கு நாகக் (சிங்க்) கட்டி. மட்டக்களப்பு வாவி மாரியில் நன்னீர் கூடி, முகத்துவாரம் வெட்டிக் கடல் ஏறினால் உப்புக் கூடும். நன்னீர் கூடும்போது நாகக் கட்டியின் மேல் ஒரு படலம் மூடி அது வேலை செய்வதை நிறுத்திவிடும். பார்த்தால் கட்டி புதிது போலவே இருக்கும், கால் மட்டும் அரிக்கும். இரண்டு தண்ணீரிலும் ஓடும் படகுக்கு அலுமினியக் கட்டி பொருத்தம். எதைப் போட்டாலும் அதன் மேல் பெயின்ற் அடிக்காதீர்கள்.

கட்டி ஒரு சில வாரத்திலேயே கரைந்துவிட்டால்தான் கரண்ட் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் படகின் அடியில் தண்ணீருக்குள் கிடக்கும் பம்ப் வயரின் ஒட்டு. மேலே சொன்ன பியூஸ் கழற்றும் முறையிலேயே அகப்படும்.

ஆழத்தில நிக்கக்குள்ள ஸ்டார்ட் ஆகல்ல. முதல்ல என்ன செய்யிற?

திரும்பத் திரும்பச் செல்ப் அடிப்பதை நிறுத்துங்கள். எல்லா லைற்றையும் கருவியையும் அணைத்து, கால் மணித்தியாலம் விடுங்கள். இறங்கிய பற்றரி ஓய்வில் கொஞ்சம் மீளும். அதற்குள் இரண்டு முனையையும் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். இரண்டாவது பற்றரி இருந்தால் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் சேர்த்து ஒரே ஒரு தடவை முயலுங்கள். சிறிய இஞ்சினுக்கு மூடியைத் திறந்து கயிறு சுற்றி இழுக்கும் வழி உண்டு. அந்தக் கயிறு படகில் இருக்கிறதா என்று கரையிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

அதுவும் சரிவராவிட்டால் மிச்சக் கரண்டை ரேடியோவுக்கு வையுங்கள். 25 வாட்டில் பேசும்போது 5, 6 அம்பியர் எடுக்கும், கேட்கும்போது அரை அம்பியர்கூட இல்லை. பக்கத்தில் படகு தெரிந்தால் 1 வாட்டுக்கு மாற்றிப் பேசுங்கள். யாரும் தெரியாவிட்டால் 16ஆம் சனலில் முழு வலுவில், இடத்தின் எண்களை முதலில் சொல்லி, சுருக்கமாக. ஜிபிஎஸ்ஸை அணைக்கும் முன் அந்த எண்களை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். இருட்டினால் ஒரு எல்ஈடி லைற் மட்டும் எரியட்டும், மற்றக் கப்பல்கள் உங்களைக் காண வேண்டும்.